கண்டதை எழுதும் வகுப்பு

வேதியியல் ஆசிரியர் ஒருவரின் நினைவாக நடக்கும் பொழிவு இது. அவர் வாழ்நாளெல்லாம் நின்ற இடமான பள்ளி ஆய்வகத்தைப் பற்றியே பேசலாம் என்று அமைப்பாளர்கள் சொன்னபோது மனநிறைவோடு ஒப்புக்கொண்டேன். என் பணிக்காலமும் மேல்நிலைப் பள்ளி ஆய்வகங்களில்தான் கழிந்தது.

உப்புப் பகுப்பாய்வு ஏட்டில் ஒவ்வொரு பக்கமும் மூன்று கட்டங்களாகக் கோடு போட்டிருக்கும். இடது கட்டத்தில் சோதனை, நடுவில் காண்பன, வலது கட்டத்தில் அறிவன. இந்த மூன்றில் சோதனை என்பது புத்தகம் சொல்வது. இவ்வளவு உப்பை எடு, இந்த அமிலத்தைச் சேர், சூடாக்கு என்று அது கட்டளை இடுகிறது. அறிவன என்பது இருநூறு ஆண்டு வேதியியல் சேர்த்துவைத்த அறிவு. வெண்ணிற வீழ்படிவு அம்மோனியாவில் கரைந்தால் குளோரைடு என்று ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, கண்டுபிடிக்கவும் முடியாது. நடுக் கட்டம் ஒன்றுதான் அந்தப் பிள்ளைக்கே உரியது. அவள் கண்ணும் மூக்கும் கையும் அந்த நிமிடத்தில் அறிந்ததை அவள் எழுதும் இடம் அது. நம் பள்ளிகளில் அந்தக் கட்டம் செத்துக் கிடக்கிறது என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த செய்தி. அதை உயிர்ப்பிக்காமல் ஆய்வகத்துக்கு எவ்வளவு செலவு செய்தாலும் பயன் சிறிது.

எப்படிச் செத்தது என்பது இங்கே இருக்கும் ஆசிரியர் அனைவருக்கும் தெரியும். ரெக்கார்டு நோட்டு முந்தைய ஆண்டு அக்காவின் நோட்டிலிருந்து எழுதப்படுகிறது. சோதனை செய்யும் நாளுக்கு முன்பே "நுரைத்துப் பொங்குகிறது" என்ற வரி அங்கே உட்கார்ந்திருக்கிறது. குழாயில் பொங்கியதா, மெல்ல இரண்டு குமிழி வந்ததா, ஒன்றுமே வரவில்லையா என்பதை அந்த வரி கேட்பதில்லை. டைட்ரேஷனில் ஒத்த அளவு வர வேண்டும். முதல் முறை 19.6, இரண்டாம் முறை 20.1 என்று வந்தால் மூன்றாம் முறை செய்ய நேரமில்லை. இரண்டையும் 19.8 என்று எழுதிவிட்டு பியூரெட்டைக் கழுவி வைக்கிறார்கள். தேர்வு நாளில் வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கிடையே உப்பின் பெயர் கிசுகிசுப்பாகப் பரவுகிறது. பெயர் தெரிந்தபின் அறிவனவிலிருந்து காண்பனவுக்கு, காண்பனவிலிருந்து சோதனைக்கு என்று வலமிருந்து இடமாக விடைத்தாள் நிரம்புகிறது. புறத்தேர்வாளருக்கும் இது தெரியாததல்ல. ஒரு நாளில் எத்தனையோ பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட வேண்டிய அவர், உப்பின் பெயர் சரியா என்று பார்க்கிறார். அவரால் அதற்குமேல் இயலாது.

இதில் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபமே இல்லை. மேல்நிலை வகுப்பில் ஒரு பாடத்துக்கு 200 மதிப்பெண் இருந்த காலத்தில் எழுத்துத் தேர்வுக்கு 150, செய்முறைக்கு 50 இருந்தது. இப்போது எழுத்துக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. பத்தாம் வகுப்பில் அறிவியலுக்கு எழுத்து 75, செய்முறை 25. இந்தச் செய்முறை மதிப்பெண் ஏறத்தாழ எல்லாருக்கும் முழுதாகக் கிடைத்துவிடுகிறது. எல்லாருக்கும் கிடைப்பதை முயன்று பெற வேண்டியதில்லை என்று பதினாறு வயதுப் பிள்ளை கணக்குப் போட்டால் அந்தக் கணக்கு சரிதான். பிழை கணக்கில் இல்லை, எதற்கு மதிப்பெண் கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது.

இந்த உப்புப் பகுப்பாய்வு நம் கைக்கு வந்த வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1824இல் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் தம் 21ஆம் வயதில் ஜெர்மனியின் கீஸன் என்ற சிறிய ஊருக்குப் பேராசிரியராக வந்தார். அதுவரை வேதியியல் மாணவன் என்றால் பெரும்பாலும் பேராசிரியர் மேடையில் செய்துகாட்டுவதைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பவன். லீபிக் மாணவர்களை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்து கையில் பொருளைக் கொடுத்தார். எழுத்து மட்டும் ஒட்டிய புட்டிகளில் பெயர் சொல்லாத பொருள்கள் இருக்கும். என்னவென்று மாணவனே கண்டுபிடித்து வர வேண்டும். 1841இல் கார்ல் ரெமிகியஸ் ஃபிரசேனியஸ் பண்பறி பகுப்பாய்வுக்கு ஒரு நூல் எழுதினார். அதே ஆண்டு அவர் கீஸனுக்கு வந்து லீபிக்கின் உதவியாளரானார். உலோக அயனிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரிக்கும் முறையை உலகம் முழுவதும் மாணவர் கைக்குக் கொண்டுசேர்த்தது அந்த நூல். முதல் தொகுதி, இரண்டாம் தொகுதி என்று நம் பிள்ளைகள் ஒப்பிக்கும் வரிசை அந்த வழி வந்ததுதான். பெயர் தெரியாத புட்டியிலிருந்து தொடங்கிய பயிற்சி அது. பெயர் தெரிந்த புட்டியிலிருந்து தொடங்கினால் பயிற்சியின் உயிர்நாடியே அறுந்துபோகிறது.

நடுக் கட்டம் உயிரோடு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு, நம் ஆய்வகங்களில் ஆண்டுதோறும் செய்யும் ஒரு சோதனையையே எடுத்துக்கொள்கிறேன். ஆக்சாலிக் அமிலத்தைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கொண்டு தரம்பார்ப்பது. கூம்புக்குடுவையில் பிப்பெட்டால் 20 மில்லி ஆக்சாலிக் அமிலக் கரைசல் எடுக்கிறோம். அதோடு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, குடுவையின் கழுத்தைக் கையால் பிடிக்க முடியாத அளவுக்கு, 60 முதல் 70 டிகிரி வரை, சூடாக்குகிறோம். பியூரெட்டில் பெர்மாங்கனேட். அது அடர் ஊதா நிறமாதலால் கீழ்ப் பிறை தெரியாது. மேல் விளிம்பைப் பார்த்துத்தான் அளவு குறிக்க வேண்டும்.

இப்போது முதல் துளி விழுகிறது. குடுவை முழுதும் இளஞ்சிவப்பாகிறது. குலுக்குகிறாள் மாணவி. நிறம் போகவில்லை. இன்னும் குலுக்குகிறாள். சில நொடிகளுக்குப் பின்னரே மெல்ல வெளுக்கிறது. இரண்டாம் துளி அதைவிடச் சீக்கிரம் வெளுக்கிறது. ஐந்தாறு துளிக்குப் பிறகு, விழுந்த கணமே நிறம் மறைகிறது. பியூரெட்டைத் தாராளமாகத் திறந்துவிடலாம். முடிவில் ஒரே ஒரு துளி நிலைத்த இளஞ்சிவப்பைத் தரும். ரெக்கார்டு நோட்டில் அந்தக் கடைசித் துளிக்கு மட்டும்தான் இடம் உண்டு. முதல் துளி ஏன் தயங்கியது என்று எங்கும் எழுதுவதில்லை.

அந்தத் தயக்கத்தில்தான் வேதியியல் இருக்கிறது. பெர்மாங்கனேட்டும் ஆக்சாலிக் அமிலமும் சேரும்போது மாங்கனீஸ் அயனி உண்டாகிறது. அந்த அயனியே அடுத்த துளியின் வினையை வேகப்படுத்துகிறது. வினையில் பிறந்த பொருளே அந்த வினைக்கு வினையூக்கி ஆகிறது. தன்வினையூக்கம் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் போகிற செய்தி இது. வரியைப் படித்த பிள்ளைக்கு அது மனப்பாடம். குடுவையைக் குலுக்கிய பிள்ளைக்கு அது ஒரு கேள்விக்குக் கிடைத்த பதில். கேள்வி எழுந்தபின் இன்னொரு குடுவையில் தொடக்கத்திலேயே ஒரு சிட்டிகை மாங்கனீஸ் சல்பேட் போட்டு அதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். முதல் துளியே சட்டென்று வெளுத்துவிடும். செலவு ஒன்றும் இல்லை, கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும். நான் பார்த்தவரையில் இந்த இரண்டாம் குடுவைக்குப் பிறகு வகுப்பின் பேச்சே மாறிவிடுகிறது. "சார், வேறு எதைப் போட்டாலும் இப்படி ஆகுமா?" என்று கேட்க ஆரம்பிக்கிறார்கள். சில குடுவைகளில் கரைசல் பழுப்பாகக் கலங்கும். அது தோல்வி அல்ல. அமிலம் போதவில்லை, அல்லது சூடு குறைந்துவிட்டது, அல்லது அவசரப்பட்டு ஊற்றிவிட்டார்கள் என்று அந்தப் பழுப்பு நிற மாங்கனீஸ் டைஆக்சைடு சொல்கிறது. அதையும் நடுக் கட்டத்தில் எழுதியவள் ஒரே குடுவையில் இரண்டு பாடம் படித்திருக்கிறாள்.

எதிர்பாராததை எழுதிவைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் 1889 முதல் பணியாற்றிய ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ராய், பாதரசத்தை நீர்த்த நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரிய விட்டார். அடியில் மஞ்சள் படிகங்கள் படிந்தன. ஏதோ ஒரு கார உப்பாக இருக்கும் என்று முதலில் எண்ணத் தோன்றும் பொருள். அவர் அதை அப்படியே ஒதுக்கிவிடாமல் எடுத்துச் சோதித்தார். மெர்க்குரஸ் நைட்ரைட் என்று தெரிந்தது. 1896இல் அதை வெளியிட்டார். அவருடைய பெயரை உலக வேதியியலாளர்களுக்கு அறிமுகப்படுத்தியது அந்த மஞ்சள் படிகம்தான். பள்ளி ஆய்வகத்தில் ஒரு பிள்ளை வெண்மைக்குப் பதில் மஞ்சளைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம்? "வெண்ணிற வீழ்படிவு என்று எழுது" என்கிறோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பாடத்தில் உள்ள அறிவனவே தவறாக இருந்தால் நடுக் கட்டம் ஒன்றுதான் நம்மைக் காப்பாற்றும். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கும் சோதனையை எல்லாரும் செய்திருப்போம். சுடர் அணைகிறது, தண்ணீர் டம்ளருக்குள் ஏறுகிறது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்தது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது என்று எத்தனையோ வகுப்பறைகளில் சொல்லப்படுகிறது. சொன்ன விளக்கம் தவறு. டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பைக் கவனித்தால் குமிழிகள் வெளியேறுவது தெரியும். சுடரின் சூட்டில் விரிந்த காற்று தப்பிப்போகிறது. சுடர் எரியும்போது தண்ணீர் அவ்வளவாக ஏறுவதில்லை. அணைந்தபின் உள்ளிருக்கும் காற்று குளிரும்போதுதான் சரசரவென்று ஏறுகிறது. ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்றை ஏற்றினால் இன்னும் உயரமாக ஏறுகிறது. ஆக்சிஜன் மூன்று மடங்காகிவிட்டதா என்ன? மேலும், ஆக்சிஜன் முழுதும் தீரும் வரை மெழுகுவர்த்தி எரியாது. காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ 16 சதவீதத்துக்கு இறங்கும்போதே சுடர் அணைந்துவிடும்.

குமிழியை எழுதிய பிள்ளை, எப்போது தண்ணீர் ஏறியது என்று எழுதிய பிள்ளை, மூன்று மெழுகுவர்த்தி வைத்துப் பார்த்த பிள்ளை ஆகிய இவர்கள் யாரும் அந்தத் தவறான விளக்கத்தை ஏற்க மாட்டார்கள். பிறகு ஐந்தில் ஒரு பங்கை நேர்மையாகக் காட்ட வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. நீண்ட சோதனைக்குழாயின் உட்சுவரை நனைத்து இரும்புத் தூளை ஒட்டவைத்து, தண்ணீர் நிறைந்த கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்துங்கள். ஓரிரு நாளில் இரும்பு துருப்பிடித்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அளவுகோலால் அளந்தால் தண்ணீர் குழாயின் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்திருக்கும். இதில் சூடும் இல்லை, தப்பிப்போகும் குமிழியும் இல்லை. மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இளையோருக்காக ஒரு மெழுகுவர்த்தியையே பொருளாக வைத்து ஒரு தொடர் முழுதும் பேசினார். மெழுகுவர்த்தி அவ்வளவு ஆழமான பொருள்தான். அதை ஒரே ஒரு தவறான வாக்கியத்துக்குள் அடைப்பது பெரும் இழப்பு.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. எல்லாச் சோதனையும் கண்டுபிடிப்பாக இருக்க முடியுமா? முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் ஹென்றி ஆம்ஸ்ட்ராங் மாணவர்களே எல்லாவற்றையும் தாமே தேடிக் கண்டறிய வேண்டும் என்று வற்புறுத்தினார். அவர் காட்டிய திசை நல்ல திசை. ஆனால் பியூரெட்டைப் பிடிக்கும் விதத்தைக்கூடப் பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால் காலம் போதாது. பியூரெட்டைச் செங்குத்தாக நிறுத்துவது, கண்ணைப் பிறையின் மட்டத்துக்குக் கொண்டுவந்து படிப்பது, குடுவையை வலக்கையால் குலுக்கிக்கொண்டே இடக்கையால் திருகைத் திருப்புவது, வடிதாளை நாலாக மடித்துப் புனலில் ஒட்டவைப்பது ஆகியவையெல்லாம் கை பழக வேண்டிய வேலை. பாட்டு கற்பவர் சரளி வரிசை பாடுவதுபோல இவற்றை விடை தெரிந்தே திரும்பத் திரும்பச் செய்யத்தான் வேண்டும். அப்படிச் செய்யும்போதும் 19.6 வந்தால் 19.6 என்று எழுதும் பழக்கம் போகக் கூடாது என்பது ஒன்றுதான் என் வேண்டுகோள். 19.6க்கும் 20.1க்கும் இடையே இருக்கும் வேறுபாடு கை இன்னும் பழகவில்லை என்பதைக் காட்டும் அளவு. அதை அழித்துவிட்டால் முன்னேறியதைக் காணவும் வழி இல்லை.

இது பள்ளிகளில் நடக்கக்கூடியதா என்று கேட்பவர்களுக்கு நான் ஹோஷங்காபாத்தைச் சொல்வேன். மத்தியப் பிரதேசத்தில், இன்று நர்மதாபுரம் என்று பெயர் மாறியிருக்கும் மாவட்டம். 1972இல் கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராமிய மையம் என்ற இரண்டு தன்னார்வ அமைப்புகள் அங்கே 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டத்தைத் தொடங்கின. அரசுப் பள்ளிகள், அரசு ஆசிரியர்கள், கிராமத்துப் பிள்ளைகள். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களிலிருந்து அறிவியலாளர்கள் வந்து ஆசிரியர்களோடு உட்கார்ந்து சோதனைகளைச் செய்துபார்த்தார்கள். 1978இல் மாவட்டம் முழுவதும் அது பரவியது. 1982இல் அந்தப் பணியை முன்னெடுக்க ஏகலவ்யா என்ற அமைப்பு உருவானது.

அங்கே பிள்ளைகள் நால்வர் நால்வராகக் குழு சேர்ந்து சோதனை செய்தார்கள். 'பால் வைஞானிக்' என்ற அவர்களுடைய புத்தகத்தில் செய்ய வேண்டியதும் கேட்க வேண்டியதும் இருக்கும், விடை இருக்காது. விடையைப் பிள்ளைகள் தங்கள் நோட்டில் தாங்கள் கண்டதிலிருந்து எழுத வேண்டும். தேர்வுக்குப் புத்தகத்தையும் நோட்டையும் கொண்டுபோகலாம். ஏனென்றால் கேள்விகள் நினைவைக் கேட்கவில்லை. செய்முறைத் தேர்வும் உண்டு. சவாலிராம் என்று ஒரு கற்பனைப் பாத்திரம் இருந்தது. பிள்ளைகள் அவருக்குக் கடிதம் எழுதிக் கேள்வி கேட்பார்கள், பதில் கடிதம் வரும். முப்பது ஆண்டு நடந்த இந்தத் திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. அந்த முடிவு இன்றும் எனக்கு வருத்தம் தருகிறது. ஆனால் ஒரு மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளிலும், பணக்காரப் பள்ளி ஏழைப் பள்ளி என்ற பேதம் இல்லாமல், பிள்ளைகள் தாங்கள் கண்டதை எழுதினார்கள் என்பது நடந்து முடிந்த உண்மை. அதை யாரும் நிறுத்த முடியாது.

அவர்கள் தொடங்கியது ஆறாம் வகுப்பில். நாமோ பதினொன்றாம் வகுப்பில்தான் ஆய்வகக் கதவை முழுதாகத் திறக்கிறோம். அதற்குள் பிள்ளைக்கு விடையை முதலில் தெரிந்துகொள்ளும் பழக்கம் ஊறிவிடுகிறது. அதனால்தான் 2022 நவம்பரில் நம் மாநிலத்தில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய வானவில் மன்றத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். கருத்தாளர்கள் பொருள்களோடு வகுப்புக்கே வருகிறார்கள். அவர்கள் செய்துகாட்டிவிட்டுப் போவதோடு நின்றுவிடாமல், அதே பொருள்களைப் பிள்ளைகள் கையில் விட்டுச் செல்ல வேண்டும்.

கீழ் வகுப்புக்கு ஆய்வகம்கூட வேண்டாம். ஒரு கிளிஞ்சல் போதும். கடற்கரை ஊர்களில் அள்ளிக்கொள்ளலாம், மற்ற ஊர்களில் முட்டை ஓடு. அதன்மேல் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டால் குமிழி வரும். அந்த வாயுவைக் குழாய் வழியே தெளிந்த சுண்ணாம்பு நீரில் விட்டால் பால்போல் கலங்கும். சமையல் சோடாவில் வினிகரை ஊற்றி வாயுவைத் தாராளமாக விட்டுக்கொண்டே இருந்தால், கலங்கியது மீண்டும் தெளியும்! அந்தத் தெளிவைப் பார்த்துப் பிள்ளைகள் திகைக்காத வகுப்பை நான் கண்டதில்லை. கால்சியம் கார்பனேட் கரையாதது, கால்சியம் பைகார்பனேட் கரைவது என்பது அதற்குப் பிறகு சொல்ல வேண்டியது, முன்னால் அல்ல. தெளிந்த அந்த நீரைக் கொதிக்கவைத்தால் மறுபடி கலங்கும். வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படிவு இதுதான் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அந்தக் கிளிஞ்சலையே காளவாயில் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு. முன்பு பொங்கலுக்கு முன் வீட்டு வாசலில் சுண்ணாம்பு நீற்றுவார்கள். தொட்டியில் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றியதும் சீறும், வெடிக்கும், ஆவி எழும், கல்லாக இருந்தது பொடிந்து மாவாகும். அடுப்பில்லாமல் தண்ணீர் கொதிப்பதை நேரில் பார்த்த தலைமுறைக்கு வெப்ப உமிழ் வினை என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருக்கவில்லை. இதை ஆசிரியர் மட்டுமே, சிறிதளவு மட்டுமே, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திச் செய்துகாட்ட வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போய்விடக்கூடும். வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலம் பிதுங்கிக் குழந்தைகளின் கண் கெட்ட கதையைக் கண் மருத்துவர்கள் சொல்வார்கள்.

நிறங்காட்டிக்கும் அப்படித்தான். ஃபினால்ஃப்தலீன் வாங்கும் முன்பே நம் வீட்டில் ஆலத்தித் தட்டு இருக்கிறது. மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறது. அதில் எலுமிச்சை பிழிந்தால் மஞ்சள் திரும்பி வருகிறது. சங்குப்பூவைக் கசக்கி எடுத்த நீலச் சாறு அமிலத்தில் செவ்வூதாவாகும், காரத்தில் பச்சையாகும். 1660களில் ராபர்ட் பாயில் பூச்சாறுகளை அமிலத்திலும் காரத்திலும் இட்டு நிறம் மாறுவதை எழுதிவைத்தார். வேலியில் படர்ந்திருக்கும் சங்குப்பூவைக் கொண்டு நம் ஏழாம் வகுப்புப் பிள்ளையும் அதே வேலையைச் செய்யலாம். வீட்டிலிருந்து மோர், சோப்புத் தண்ணீர், சாம்பல் கரைத்த தண்ணீர், புளிக்கரைசல் என்று ஆளுக்கொன்று கொண்டுவரச் சொன்னால் ஒரே வகுப்பில் நிற வரிசை தயார். சங்குப்பூச் சாறு மறுநாள் நிறம் மங்கினால் அதுவும் நடுக் கட்டத்துக்கு உரியதே.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் ஆய்வகத்தைப் பற்றிப் பேசுவது சரியல்ல. பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழக்கம் இன்னும் பல பள்ளிகளில் இருக்கிறது. ரப்பர் பல்பு விலை அதிகமில்லை, அதை வாங்காததற்குச் சமாதானம் எதுவும் கிடையாது. அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்பதைச் சுவரில் எழுதிவைத்தால் போதாது. ஆசிரியர் ஒருமுறை செய்துகாட்டி, பீக்கரின் வெளிப்புறத்தைத் தொட்டுச் சூட்டை உணரச் சொல்ல வேண்டும். கிப் உபகரணத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடின் அழுகிய முட்டை நாற்றத்தைத் தாங்கிக்கொள்வதை வீரமாக நினைத்த காலம் இருந்தது. அது நச்சு வாயு. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணும்போதுதான் ஆபத்து அதிகம். பாதரசம் கலந்த நெஸ்லர் வினைப்பொருளையும் ஈய உப்புகளையும் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டுவிடுகிறோம். அந்தச் சாக்கடை எங்கே போகிறது என்று வேதியியல் ஆசிரியர் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

இவற்றுக்கெல்லாம் ஒரு நல்ல மாற்று, அளவைச் சுருக்குவது. தென்னாப்பிரிக்காவில் ஜோஹன்னஸ்பர்க் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் ராட்மாஸ்டே மையம், வசதி குறைந்த பள்ளிகளுக்காக நுண்ணளவு வேதியியல் கருவிகளை உருவாக்கியது. உள்ளங்கை அகலத் தட்டில் சிறு குழிகள், ஒவ்வொன்றிலும் சில துளிகள். யுனெஸ்கோ துணையோடு அது பல நாடுகளுக்குப் போனது. நாம் அந்தக் கருவிக்காகக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. கறுப்புத் தாளின்மேல் கண்ணாடித் தகடு போன்ற பிளாஸ்டிக் தாளை விரித்து, துளிசொட்டியால் ஒரு துளி சில்வர் நைட்ரேட், பக்கத்தில் ஒரு துளி உப்புத் தண்ணீர். இரண்டையும் குச்சியால் இழுத்துச் சேர்த்தால் வெண்மை தோன்றும் விளிம்பு, சோதனைக்குழாயில் தெரிவதைவிடத் துலக்கமாகத் தெரியும். சில்வர் நைட்ரேட் விலை அதிகம் என்று பூட்டிவைக்கும் பள்ளியில்கூட, துளிக்கணக்கில் எல்லாருக்கும் கிடைக்கும். நாற்பது பேரில் இரண்டு பேர் செய்ய மற்றவர்கள் எட்டிப்பார்க்கும் நிலை மாறும்.

ஸ்மார்ட் வகுப்பறைகள் வந்துவிட்டன, திரையில் எல்லாம் அழகாகத் தெரிகிறது, பிறகு எதற்கு இந்தக் கண்ணாடிக் குழாய்கள் என்று சிலர் கேட்கிறார்கள். திரைக்கும் இடம் உண்டு. வெடிக்கும் வினைகளையும் கண்ணுக்குப் புலப்படாத அணுக்களின் அமைப்பையும் அதில் காட்டலாம். ஆனால் திரையில் சோதனை எப்போதும் வெற்றி பெறுகிறது. குழாய் கையில் சுடுவதில்லை, அம்மோனியா கண்ணைக் கரிப்பதில்லை, கரைசல் பழுப்பாகக் கலங்குவதில்லை. நடுக் கட்டத்தில் எழுத அங்கே ஒன்றும் மிஞ்சுவதில்லை.

ஆய்வகங்களை நடத்துபவர்களைப் பற்றி ஒரு சொல். கரைசல் தயாரிப்பது, குழாய்களைக் கழுவி அடுக்குவது, உடைந்ததைக் கணக்கெழுதுவது எல்லாம் ஆய்வக உதவியாளரின் வேலை. பல பள்ளிகளில் அந்த ஆளை அலுவலக வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு பாடவேளை சேர்ந்தாற்போல் கிடைக்காத அட்டவணையில், கரைசலையும் தானே தயாரிக்க வேண்டிய ஆசிரியர் எத்தனை சோதனை நடத்த முடியும்? அவரைக் குறை சொல்வதற்கு முன் அந்த ஆளையும் அந்த இரண்டு பாடவேளையையும் அவருக்குக் கொடுப்போம்.

தேர்வை மாற்றுவது அரசின் கையில் இருக்கிறது. என் பரிந்துரை எளியது. உப்பின் பெயருக்கு மதிப்பெண் குறைவாகவும் காண்பன கட்டத்துக்கு அதிகமாகவும் இருக்கட்டும். தேர்வாளர் அன்று காலை அதே உப்பை அதே வினைப்பொருள்களோடு தாமே ஒருமுறை செய்து, தாம் கண்டதைக் குறித்துவைத்துக்கொள்ளட்டும். அந்தக் குறிப்போடு விடைத்தாளின் நடுக் கட்டத்தை ஒப்பிட்டு மதிப்பெண் போடட்டும். பழைய அமிலத்தில் நுரை குறைவாக வந்தால் அவர் குறிப்பிலும் குறைவு என்றுதான் இருக்கும். பெயர் வெளியே கசிந்தாலும் மதிப்பெண்ணில் பெரிய மாற்றம் வராது.

அரசாணைக்குக் காத்திராமல் நாளையே செய்யக்கூடியதும் உண்டு. இங்கே இருக்கும் ஆசிரியர்களிடம் உரிமையோடு கேட்கிறேன். ரெக்கார்டு நோட்டு என்று தனியாக அழகாக எழுதும் நோட்டை விட்டுவிடுங்கள். ஆய்வகத்திலேயே, பேனாவால், அடித்தல் திருத்தலோடு எழுதும் ஒரே நோட்டு இருக்கட்டும். வகுப்பு முடியுமுன் நீங்கள் அதில் கையெழுத்திடுங்கள். கையெழுத்து வாங்கும்வரை எந்தச் சோதனைக்குழாயையும் கழுவக் கூடாது என்று விதி வையுங்கள். பிள்ளை எழுதிய வரியின்மேல் விரலை வைத்து, இதை எந்தக் குழாயில் பார்த்தாய் என்று கேளுங்கள். அவள் தாங்கியிலிருந்து அந்தக் குழாயை எடுத்துக் காட்ட வேண்டும். வீழ்படிவு மஞ்சளாக இருந்து நோட்டில் வெண்மை என்று இருந்தால், அவளே அடித்து மஞ்சள் என்று எழுதட்டும். ஏன் மஞ்சள் வந்தது என்பதை அடுத்த வகுப்பில் இருவருமாகச் சேர்ந்து பார்க்கலாம்.